அருமைநாயகத்தின் மஞ்சக் கடுதாசி

இனி இந்தப் பூமியில் யாருக்கும் ஒரு காசு திருப்பிக் கொடுப்பதில்லை என்று அருமைநாயகம் தீர்மானித்தபோது, கோயிலில் ஞாயிறு ஆராதனை நடந்துகொண்டிருந்தது. கடன்களை மன்னிக்கச் சொல்லி எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு கேட்கிற இடம் வந்தது. அருமைநாயகம் கண்ணைத் திறந்தார். ஐம்பத்தெட்டு வயதுவரை இதைக் கேட்டாயிற்று. கர்த்தர் மன்னித்திருக்கலாம். ஆவுடையப்பன் மன்னிக்கவில்லை. இத்தனை காலமும் தப்பான இடத்தில் கேட்டுவிட்டோமே என்று அவருக்கு வருத்தமாக இருந்தது. கேட்டிருக்க வேண்டிய இடம் சப் கோர்ட்டு.

புதுத் துறைமுகத்துக்காகக் கடலில் கல்லைக் கொட்டிக்கொண்டிருந்த காலம் அது. லாரி லாரியாகக் கல் போய்க் கடலுக்குள் விழும். தூத்துக்குடியில் அதைவிடச் சத்தமில்லாமல் கடலில் விழுந்தது அருமைநாயகத்தின் பணம்.

அவர் உப்புத் தரகர். உப்பளத்துக்காரரிடம் விலை பேசி, கப்பல் ஏற்றுகிறவரிடம் கைமாற்றிவிட்டு, நடுவில் விரலில் ஒட்டுவதை வைத்துப் பிழைக்கிற தொழில். போன வருஷம் அவருக்கு நடுவில் நிற்கப் பிடிக்கவில்லை. சாக்கு மொத்த வியாபாரி ஆவுடையப்பனிடம் ஒன்பதாயிரம் கடன் வாங்கினார். தாமே உப்பு வாங்கி அம்பாரமாகக் குவித்தார். அம்பாரத்தை ஓலை வேய்ந்து மூட வேண்டும். நாளைக்கு மூடுவோம் என்றார். வானத்துக்கு நாளைவரை பொறுமை இல்லை. விடிந்து போய்ப் பார்த்தபோது உப்பு தான் வந்த இடத்துக்கே திரும்பிப் போயிருந்தது. பிறந்த வீட்டுக்குப் போன உப்பை யார் குற்றம் சொல்ல முடியும்? ஆவுடையப்பன் சொன்னார். வாரம் ஒருமுறை வீட்டு வாசலுக்கு வந்து, மரியாதையாக, குடையை மடக்கி வைத்துவிட்டுச் சொன்னார்.

ஒரு விஷயம் ஆவுடையப்பனுக்கும் தெரியாது, அருமைநாயகத்தின் மனைவி ஜெயபாய்க்கும் தெரியாது. அந்த ஒன்பதாயிரத்தில் நாலாயிரம் உப்பாகவே இல்லை. தரகுக் காசில் வருஷக்கணக்காக ஒதுக்கியதையும் அதோடு சேர்த்து, கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போகும் பாய்மரத் தோணி ஒன்றில் கால்பங்கு வாங்கியிருந்தார். தோணியை ஓட்டுகிற தண்டல் பர்னபாஸின் பெயரிலேயே அது இருந்தது. தோணிக்கு வயதாகிவிட்டது. ஆனாலும் கரையில் நின்று அது பாய் விரித்துப் போவதைப் பார்க்கும்போது அருமைநாயகத்துக்கு நெஞ்சு புடைக்கும். தம்முடையது என்று யாரிடமும் சொல்ல முடியாததுதான் ஒரே குறை. பெருமையை வாய்க்குள்ளேயே அடக்கிவைப்பது அவர் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாத விஷயம்.

திங்கட்கிழமை காலை அவர் வக்கீல் தேவபிரசாதத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தார். தேவபிரசாதம் அக்காள் மகன். ஃபீஸ் கேட்க மாட்டான் என்பதால் நல்ல வக்கீல்.

"மருமகனே, மஞ்சக் கடுதாசி கொடுத்திரலாம்னு இருக்கேன்."

திவால் மனு போட்டவரிடமிருந்து கடன் கொடுத்தவர்களுக்குக் கோர்ட்டு வழியாகப் போகிற நோட்டீஸுக்கு ஊரில் அந்தப் பெயர். அது கைக்கு வந்த வியாபாரி அன்றைக்குச் சாப்பிட மாட்டார்.

"விளையாட்டு இல்ல மாமா. மனு போட்டா உங்க பேருல இருக்கிறது பூரா கோர்ட்டு வைக்கிற ரிசீவர் கைக்குப் போயிரும்."

"எம் பேருல என்னடே இருக்கு? நாற்காலி ஒண்ணு இருக்கு. உங்க அத்தை இருக்கா."

"உடுத்துற துணி, சமைக்கிற பாத்திரமெல்லாம் எடுக்க மாட்டாங்க."

"அத்தை?"

"அத்தையவும் எடுக்க மாட்டாங்க மாமா."

"சட்டத்துல எல்லாத்துக்கும் வழி இருக்குன்னு சொல்லுதாங்க," என்று அருமைநாயகம் பெருமூச்சு விட்டார்.

"எதையும் மறைக்கக் கூடாது, பாத்துக்கிடுங்க. சத்தியம் பண்ணிக் கையெழுத்துப் போடணும். பின்னால ஒண்ணு வெளிய வந்தா ஜெயிலு."

"எங்கிட்ட மறைக்க என்னடே இருக்கு," என்று அருமைநாயகம் மேலே சுற்றிய மின்விசிறியைப் பார்த்துச் சொன்னார். "அது போகட்டும். உங்க அத்தைக்கு பி.எஃப். வரப் போகுதே, அது என்ன ஆகும்?"

"ஒண்ணும் ஆகாது. அது அத்தை சம்பாத்தியம். உங்க கடனுக்கு அதை யாரும் தொட முடியாது. ஆனா ஒண்ணு. அத்தை அதை உங்க கையில கொடுத்துட்டாங்கன்னா அது உங்க பணம். ரிசீவர் எடுத்துக்கிடுவாரு. அதனால நீங்க அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கக் கூடாது."

எட்டிப் பார்க்கக் கூடாது என்று சொன்ன பக்கம்தான் அருமைநாயகத்துக்குக் கழுத்து திரும்பும்.

ஜெயபாய் மிஷன் பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கும் தையலும் சொல்லிக் கொடுத்தவள். அந்தக் கோடையில்தான் ஓய்வு பெற்றாள். முப்பது வருஷத்துக்கு மேலாக, மாசம் தவறாமல், சம்பளத்தில் ஒரு துண்டு அவள் கண்ணில் படாமலே போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது. ஓணான் முட்டையை மண்ணில் புதைத்துவிட்டு மறந்துபோகிற மாதிரி அவளும் மறந்தே இருந்தாள். இப்போது அது பதினாலாயிரத்துச் சொச்சமாகப் பொரிந்து வரப் போகிறது. அவளுக்கு அந்தப் பணத்தில் நகை வேண்டாம், பட்டு வேண்டாம். பஸ்ஸுக்குச் சில்லறை வேண்டுமென்றால் யார் முகத்தையும் பார்த்து நிற்காமல், சாகிறவரை தன் கையிலிருந்தே எடுக்க வேண்டும். சின்ன ஆசைதான். அது நிறைவேறாமலே கல்லறைத் தோட்டத்துக்குப் போன பெண்கள் அந்த ஊரில் அநேகம்.

அருமைநாயகத்தின் கணக்கு வேறு. பி.எஃப். தம் கைக்குத்தானே வரக் கூடாது? நேரே பர்னபாஸ் கைக்குப் போகட்டும். தோணியில் இன்னொரு கால்பங்கு வாங்கலாம். ஆவுடையப்பனுக்கு மஞ்சக் கடுதாசி, தமக்குப் பாதித் தோணி. இவ்வளவு அழகான திட்டம் தம் தலைக்குள்ளிருந்துதான் வந்ததா என்று வீடு வருகிற வழியில் இரண்டு முறை தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

ஜெயபாய் ஜன்னலோரம் உட்கார்ந்து லேஸ் பின்னிக்கொண்டிருந்தாள்.

"ஏளா ஜெயபாய், ஒரு கெட்ட சேதி."

"உங்க முகத்தைப் பார்த்தா நல்ல சேதி மாதிரி இருக்கு."

அருமைநாயகம் முகத்தைச் சரிசெய்துகொண்டார். "நான் திவாலு. மஞ்சக் கடுதாசி கொடுத்துத்தான் ஆகணும்."

ஊசி ஒரு கணம் நின்றது. பிறகு ஓடியது. "அப்படியா."

"அது போனா போகட்டும். உன்னை நினைச்சாத்தான் எனக்குக் கவலை. புருஷனும் பொஞ்சாதியும் ஒண்ணுன்னு கோயில்ல சொல்லித்தானே கட்டி வச்சாங்க? கோர்ட்டும் அப்படித்தான் சொல்லுதாம். நான் திவாலுன்னா நீயும் திவாலு. உன் பி.எஃப்.பை அப்படியே வழிச்சு எடுத்துருவாங்களாம்."

"யாரு சொன்னா?"

"தேவபிரசாதம்தான். படிச்ச பய. பொய் சொல்லுவானா?"

"அவன் சொல்ல மாட்டான்," என்றாள் ஜெயபாய்.

"அதனால பணம் வந்த மறுநிமிஷம் எங்கிட்ட சொல்லிரு. நம்பிக்கையான ஓரிடத்துல கொண்டு போய் வச்சிருவோம்."

"எந்த இடம்?"

"தெரிஞ்சா உன்னையும் கூண்டுல ஏத்திக் கேப்பாங்க. உனக்குத் தெரியாம இருக்கிறதுதான் உனக்குப் பாதுகாப்பு."

ஜெயபாய் லேஸைக் கூடையில் வைத்தாள். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள். "எனக்கு இந்தக் கோர்ட்டு விவகாரமெல்லாம் என்ன தெரியும்? நீங்க சொன்னா சரிதான்," என்றாள்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டதில்லை. அருமைநாயகம் அப்போதே பயந்திருக்க வேண்டும். பெருமைப்பட்டார்.

மறுநாள் சாயங்காலம் ஜெயபாய் குடையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். சாக்குத் துணி வாங்க என்றாள். திரும்பி வந்தபோது கையில் சாக்குத் துணியும் இருந்தது, முகத்தில் ஒரு சுறுசுறுப்பும் இருந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து மிச்சம் கொண்டுவந்த சாக்பீஸ் ஒன்றைத் தேடி எடுத்தாள். வாசற்படியில் ஆரம்பித்தாள். குனிந்து, பின்வாக்கில் நடந்து, கூடத்தை இரண்டாக வகுத்து ஒரு கோடு போட்டாள். கணக்கு டீச்சர் போட்ட கோடு. கொஞ்சமும் வளையவில்லை.

"இது என்னாளா?"

"ரிசீவர் வந்தா குழப்பம் வரக் கூடாதுல்லா? நாம ஒண்ணு இல்லைன்னு அவருக்குக் கண்ணால தெரியணும். அந்தப் பக்கம் உங்களுது. இந்தப் பக்கம் என்னுது."

அருமைநாயகம் தம் பக்கத்தைப் பார்த்தார். அவருடைய சாய்வு நாற்காலி, குடை, செத்துப்போன அப்பாவின் படம். அவள் பக்கத்தைப் பார்த்தார். கட்டில், மின்விசிறி, அடுப்படி, அதைத் தாண்டிக் கிணறு.

"அடுப்படி உன் பக்கமா?"

"அதுல உங்களுக்கு என்ன வேலை?"

"கக்கூஸ்?"

ஜெயபாய் யோசித்தாள். "அது பொதுவா இருக்கட்டும். அதைக் கோர்ட்டும் கேக்காது."

அன்று இரவு சீலா மீன் குழம்பு மணத்தது. அருமைநாயகம் கோட்டுக்கு இந்தப் பக்கம் சப்பணமிட்டு உட்கார்ந்தார். தட்டு கோட்டைத் தாண்டி வந்தது. அதில் கஞ்சியும் கொள்ளு அரைத்த காணத் துவையலும் இருந்தன.

"மீனு?"

"அது எம் பக்கத்து மீனு."

"ஏளா, நான் இன்னும் மனுவே போடலியே!"

"பழகிக்கிடணும்லா? திவாலானவரு சீலா மீன் திங்கிறாருன்னு தெருவுல ஒருத்தன் போய்ச் சொன்னா போதும். உங்க நல்லதுக்குத்தான் சொல்லுதேன். எனக்கென்ன, தனியா திங்க எனக்கு ஆசையா?" சொல்லிக்கொண்டே அவள் முள்ளை நிதானமாக எடுத்து வைத்தாள்.

அவர் வாய் திறந்து என்ன சொல்ல முடியும்? சட்டம் அப்படி இல்லை என்று சொன்னால், பிறகு எப்படித்தான் என்று கேட்பாள். தாம் ஊதிய பலூனுக்குத் தாமே ஊசி கொடுக்க வேண்டும். பணம் வரட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டார். கடிக்க வேறொன்றும் இல்லை.

பணம் வருவதாகக் காணோம். கஞ்சி மட்டும் வேளை தவறாமல் வந்தது. மின்விசிறி அவள் பக்கம் பார்த்துச் சுற்றியது. தினமும் விரும்பிக் குடிக்கும் சுக்குக் காப்பி சுடுதண்ணீராயிற்று. வெற்றிலைச் செல்லம் கோட்டைத் தாண்டிப் போனது. "வெத்திலை போடுற திவாலு எங்கயாவது உண்டா?" அருமைநாயகத்துக்கு மிஞ்சியது சாய்வு நாற்காலி ஒன்றுதான்.

அந்த நாற்காலியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவருடைய அப்பா கொழும்பில் கடை வைத்திருந்தபோது வாங்கி, தோணியில் ஏற்றிக் கொண்டுவந்தது. கறுத்த மரம், பிரம்புப் பின்னல், காலை நீட்டிப் போட்டுக்கொள்ள இரண்டு நீளக் கைகள். அதில் சாய்ந்தால் எவனும் முதலாளியாகத் தெரிவான். ஜெயபாயின் தங்கை கிரேசியின் புருஷன் பொன்னுதுரைக்கு அதன்மேல் ரொம்ப நாளாக ஒரு கண். துறைமுக வேலையில் கிளார்க்காக இருந்தார். வீட்டுக்கு வந்தால் முதலில் அந்த நாற்காலியில் உட்காருவார். பிறகுதான் சௌக்கியமா என்று கேட்பார். சகலைகள் இருவருக்கும் எதிலும் ஆகாது. அதுவும் கோயில் ஏலத்தில் ஆகவே ஆகாது.

அறுப்பின் பண்டிகை வந்தது. உப்பளத்து ஊரில் அறுக்க என்ன இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. அவரவர் வீட்டில் உள்ளதைக் கொண்டுவந்து கோயிலில் படைப்பார்கள். பூசணிக்காய், சேவல், ஒரு மூட்டை உப்பு, ஒரு குடம் பதநீர். ஆராதனை முடிந்ததும் வேப்பமரத்தடியில் ஏலம். ஒரு எலுமிச்சம்பழம் பத்து ரூபாய்க்குப் போகும். கர்த்தருக்குச் சேருகிற பணம் என்பது ஒரு காரணம். சொந்தக்காரன் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்பது இன்னொரு காரணம். இரண்டில் எது பெரிய காரணம் என்று கோயில் பாதிரியாரான ஐயர் ஒருநாளும் விசாரித்ததில்லை. அந்த மரத்தடியில் வாய்விட்டுக் கேட்ட தொகையை மட்டும் யாரும் திரும்ப வாங்க முடியாது. மனிதனிடம் பேரம் பேசலாம், சாமிக்குச் சொன்னதில் பேசக் கூடாது என்பது அந்தச் சபையின் கட்டுப்பாடு.

"ஏலத்துப் பக்கமே போயிராதீங்க மாமா," என்று தேவபிரசாதம் எச்சரித்திருந்தான். அருமைநாயகம் போகவில்லை. ஆராதனை முடிந்ததும் நல்ல பிள்ளையாக வீட்டுக்கு வந்தார். சட்டையைக் கழற்றினார். கூடத்தில் தம் பக்கம் திரும்பி, உடம்பைத் தளர்த்தி, உட்காரப் போனார்.

உட்கார ஒன்றும் இல்லை.

சட்டையை அப்படியே தோளில் போட்டுக்கொண்டு கோயிலுக்கு ஓடினார். ஜெயபாய் பெண்கள் கூட்டத்தில் நின்றாள்.

"ஏளா, எங்கே என் நாற்காலி?"

"காணிக்கையாக் கொடுத்துட்டேன்."

"கொடுத்துட்டியா? யாரைக் கேட்டுக் கொடுத்தே?"

"மெல்லப் பேசுங்க. உங்க பக்கத்துல அது ஒண்ணுதான் பெறுமானமுள்ளது. ரிசீவர் வந்தா முதல்ல அதைத்தான் தூக்குவாரு. எவனோ எடுக்கிறதுக்குக் கர்த்தர் எடுக்கட்டுமேன்னு நினைச்சேன். புண்ணியமாவது மிஞ்சும்."

மரத்தடியில், ஐயருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார் நாற்காலியைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார். அதைவிட மோசமாக, முன்வரிசையில் பொன்னுதுரை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார். அதைவிடவும் மோசமாக, ஓரத்தில் போட்ட பெஞ்சில் ஆவுடையப்பன் குடையை மடக்கி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்.

"அவரு எதுக்கு இங்கன வந்தாரு?"

"நான்தான் வரச் சொன்னேன். பண்டிகைக்கு நாலு பேரு வந்தாத்தானே நல்லாருக்கும்?"

"கொழும்பு நாற்காலி! யாரு கேக்குதீங்க?" என்றார் உபதேசியார்.

"இருபது," என்றார் பொன்னுதுரை. கூட்டம் அருமைநாயகத்தைப் பார்த்தது. அருமைநாயகம் வேப்பமரத்தைப் பார்த்தார்.

"அண்ணாச்சி கேக்க மாட்டாக," என்றார் பொன்னுதுரை உரக்க. "பாவம், நேரம் சரியில்ல. நானே எடுத்துக்கிடுதேன். அண்ணாச்சிக்கு உக்காரணும்னு தோணுச்சுன்னா எங்க வீட்டுக்கு வரட்டும். நான் இல்லாத நேரமா வரட்டும்."

சிரிப்பு. பெண்கள் பக்கத்தில் கிரேசி கொஞ்சம் அதிகமாகச் சிரித்தாள்.

"முப்பது," என்றது ஒரு குரல். அது தம்முடையது என்று அருமைநாயகத்துக்குப் பிறகுதான் தெரிந்தது.

"அம்பது."

"எழுபத்தஞ்சு."

"நூறு. அண்ணாச்சி, வேண்டாம். உங்களுக்கு எதுக்கு இது?"

"நூத்தம்பது. நீரு வாயை மூடும் வே!"

"இருநூறு," என்றார் பொன்னுதுரை. கிரேசி சிரிப்பை நிறுத்தினாள்.

"முந்நூறு!"

சேவல் ஒன்று கூடைக்குள்ளிருந்து கூவியது. பொன்னுதுரை கிரேசியைப் பார்த்தார், பின்வாங்கினார். ஆனால் சும்மா பின்வாங்கினால் அவர் சகலையா?

"சரி, நீங்களே எடுங்க. ஆனா உபதேசியாரே, பணத்தை எண்ணி வாங்கிக்கிட்டு நாற்காலியைக் கொடும். மஞ்சக் கடுதாசி கொடுக்கப் போறவரு. கர்த்தருக்கும் ஒண்ணு கொடுத்துரப் போறாரு."

அந்தச் சிரிப்பு வேப்பமரத்திலிருந்த காக்கையையெல்லாம் கிளப்பியது. அருமைநாயகத்தின் காது சிவந்தது. பல வாரக் கஞ்சியும், காணத் துவையலும், கோட்டுக்கு அந்தப் பக்கத்து மீன் வாசனையும் ஒன்றாகத் திரண்டு தொண்டைக்கு வந்தன.

"யாருக்குலே காசு இல்ல? என்னைப் பார்த்து இவம் பேசுதான்! போய்த் துறையில பாருங்கலே! பர்னபாஸ் தோணியில கால்பங்கு என்னுதுலே! ஒண்ணு ரெண்டு இல்ல, பத்தாயிரம் பெறும்! ஆயிரம் நாற்காலி வாங்குவேன், ஒவ்வொண்ணுலயும் ஒருநாள் உக்காருவேன்!"

ஆகா, எவ்வளவு சுகமாக இருந்தது! எத்தனை மாசத்துப் பெருமை! ஒரு நிமிஷம் அவர் முதலாளியாகவே நின்றார்.

பிறகுதான் அவர் கண் ஓரத்துப் பெஞ்சின் பக்கம் போனது. தூரத்தில் லாரி ஒன்று கடலுக்குள் கல்லைக் கொட்டியது.

ஆவுடையப்பன் மெல்ல எழுந்தார். குடையை விரித்தார்.

"நல்ல ஏலம் டீச்சரம்மா," என்றார். "எங்க அம்மன் கோயில் கொடையிலகூட நான் இப்படிப் பார்த்ததில்ல. அண்ணாச்சி, நாளைக்கு வீட்டுக்கு வாரேன்."

அன்று சாயங்காலம் அருமைநாயகம் முந்நூறு ரூபாய் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சாயவில்லை. மனு போட்டால் தோணியைச் சொல்ல வேண்டும், சொன்னால் தோணி போகும். சொல்லாமல் போட்டால், சாட்சி சொல்ல ஒரு சபையே இருக்கிறது, ஐயர் உட்பட. ஜெயபாய் கோட்டுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து லேஸ் பின்னினாள்.

"உனக்கு முன்னாலயே தெரியுமா?" என்று அவர் மெல்லக் கேட்டார்.

"என்னது?"

"தோணி."

"உங்க வேட்டியைத் துவைக்கிறது யாரு? உப்புத் தரகு பாக்கிறவருக்கு வேட்டியில சுறா எண்ணெய் எப்படி வரும்? தோணிப் பலகைக்குத்தான் அதைப் பூசுவாங்க. சோப்பு போட்டும் போகல."

"அந்தச் சட்டம்?"

"அதுக்கு ஆவுடையப்பன் அண்ணாச்சி கடைக்குப் போனேன். ஊர்ல எல்லாரும் கொடுத்த மஞ்சக் கடுதாசி அவருக்குத்தானே வந்திருக்கு? அவரை விட இதுல அனுபவப்பட்ட ஆளு யாரு? 'டீச்சரம்மா, உங்க பணத்தை நானும் தொட முடியாது, ரிசீவரும் தொட முடியாது. உங்க வீட்டுக்காரரு கையில மட்டும் கொடுத்துராதீங்க'ன்னாரு. கடன் கொடுத்தவரு எனக்குச் சொல்லுதாரு. கட்டினவரு சொல்லல."

கடைசி வார்த்தையை அவள் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அருமைநாயகத்துக்கு என்னவோ போல இருந்தது. அவர் பிரம்புப் பின்னலில் விரலை விட்டு நோண்டினார்.

"பி.எஃப். எப்போ வரும்?"

"போன மாசமே வந்துட்டு. போஸ்ட் ஆபீசுல கெடக்கு."

"போன மாசமேவா! அப்போ அந்தக் கஞ்சி?"

"சும்மா சொல்லக் கூடாது, உங்க வயிறு நல்லா வத்தியிருக்கு."

மறுநாள் ஆவுடையப்பன் வந்தார். பர்னபாஸும் வந்தார். எல்லாம் முன்னாலேயே பேசி முடித்திருந்த மாதிரி அமைதியாக நடந்தது. அருமைநாயகத்தின் கால்பங்கை ஜெயபாய் ஒன்பதாயிரத்துக்கு வாங்கினாள்.

"பத்தாயிரம் பெறும்," என்றார் அருமைநாயகம்.

"திவாலான ஆள்கிட்ட யாரும் முழு விலைக்கு வாங்க மாட்டாங்க," என்றாள் ஜெயபாய். "உபதேசியாருக்கு முந்நூறும் நான்தானே கட்டியிருக்கேன்."

பணம் அருமைநாயகத்தின் மூக்குக்குக் கீழேயே போயிற்று. ஆனால் அவர் கையில் படவில்லை. ஜெயபாய் கையிலிருந்து நேரே ஆவுடையப்பன் கைக்குப் போனது. ஆவுடையப்பன் வட்டி வேண்டாம் என்றார். மஞ்சக் கடுதாசி வராமல் போனதற்காக வட்டியைக் கழித்துக்கொண்டதாகச் சொன்னார். மிச்சப் பணம் போஸ்ட் ஆபீசிலேயே ஜெயபாயின் பெயரில், அவள் பஸ் ஏறும்போது எடுத்துக்கொள்ளும்படி இருந்தது. பர்னபாஸ் போகும்போது, "அப்போ வாரேன் முதலாளி," என்றார். அருமைநாயகம் பழக்கதோஷத்தில் தலையை ஆட்டினார். பர்னபாஸ் அவரைப் பார்த்துச் சொல்லவில்லை.

எல்லாரும் போனபிறகு வீடு அமைதியாயிற்று. ஜெயபாய் ஈரத்துணி எடுத்துவந்து கோட்டைத் துடைத்தாள். ராத்திரிக்கு சீலா மீன் என்றாள். அருமைநாயகத்துக்குக் கண் கலங்கியது. பாதி மீனுக்காக, பாதி வேறு எதற்கோ.

"ஏங்க," என்றாள் ஜெயபாய், "தோணிக்குச் சரக்கு பிடிக்கணும், கணக்குப் பாக்கணும். அதுக்கு நம்பிக்கையான ஆளு ஒண்ணு வேணும். மாசம் நூறு ரூபா சம்பளம். வாரீங்களா?"

"சொந்தப் பொஞ்சாதிகிட்ட சம்பளமா? எனக்கா?"

"வேண்டாம்னா விடுங்க. பொன்னுதுரை நேத்தே வந்து கேட்டுட்டுப் போனாரு."

"நான் வேண்டாம்னு எப்போ சொன்னேன்?" என்று அருமைநாயகம் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நூறும் கைக்கு வந்துருமா?"

"எழுபத்தஞ்சு வரும். இருபத்தஞ்சை உங்க பி.எஃப்.புக்குப் பிடிச்சுக்கிடுவேன்."

"எனக்கு பி.எஃப்.பா!"

"ஆமா. வயசான காலத்துல உங்களுக்கும் ஏதாவது வேணும்லா? என் பேருல கெடக்கும். கோர்ட்டு தொட முடியாது, ரிசீவர் தொட முடியாது, நீங்க இனிமே எவ்வளவு கடன் வாங்கினாலும் ஒருத்தனும் தொட முடியாது."

அருமைநாயகத்தின் முகம் விரிந்தது. இத்தனை நாள் கஞ்சி குடித்ததற்கு உலகத்தில் நியாயம் இருக்கிறது. பிறகு மெல்ல ஒரு சந்தேகம் வந்தது.

"நான் தொடலாம்லா?"

"ஏன் தொடக் கூடாது? உங்க பணம்தானே? ரிட்டயர் ஆனதும் முழுசா எடுத்துக்கிடலாம்."

"நான் எப்போளா ரிட்டயர் ஆவேன்?"

ஜெயபாய் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"அதை முதலாளி இன்னும் யோசிக்கல," என்றாள்.